உறுதியில் ஒரு பெயர், விலையில் இருவரின் பணம்: ஹட்டனை அடுத்த ஒரு வீட்டைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகருக்கு வெளியே, பிரதான வீதியை விட்டு மேலே ஏறும் பாதையோரம், பத்துப் பேர்ச் (இலங்கையில் காணி அளக்கும் சிறு அலகு) காணியில் கட்டப்பட்ட ஒரு வீடு இந்த ஆய்வின் பொருள். காணி 2007ஆம் ஆண்டில் வாங்கப்பட்டது. உறுதியில், அதாவது காணி விற்பனைப் பத்திரத்தில், வாங்குபவராக எழுதப்பட்டிருந்தது கணவரின் பெயர் மட்டுமே. விலையின் பெரும்பகுதி, மனைவி குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைத்து அனுப்பிய பணமும் அவருடைய நகைகளை விற்ற பணமும் ஆகும். 2021இல் கணவர் வீட்டை விற்க முற்பட்டபோது, மனைவிக்கு அதில் உரிமை உண்டா, உண்டெனில் எவ்வளவு, அதை எந்தச் சான்றைக் கொண்டு நிறுவுவது என்னும் கேள்விகள் மாவட்ட நீதிமன்றத்துக்குச் சென்றன. வழக்கு 2023இல் இணக்கத்தில் முடிந்தது. ஆகவே இதில் தீர்ப்பு இல்லை. மனைவியின் தரப்புக்காக ஆவணங்களைத் தேடித் தொகுக்கும் வேலையில் நான் ஈடுபட்டிருந்தேன். ஆட்களை அடையாளங்காட்டக்கூடிய விவரங்களை மாற்றியும் சட்டக் கேள்விகளுக்குத் தேவையான தொகைகளையும் வரிசையையும் காத்தும் இதை எழுதுகிறேன். வெளிநாட்டு உழைப்பில் சொந்தக் காணி வாங்கிய மலையகக் குடும்பங்கள் பலவற்றில் இதே நிலை இருப்பதைக் காண்பதால், இதை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

குடும்பமும் காணியும்

மனைவி டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றில் 1974இல் பிறந்தவர். 1994இல் தோட்டத்தில் பெயர் பதிந்து கொழுந்து பறிக்கத் தொடங்கினார். 1998இல் அயல் தோட்டத்தைச் சேர்ந்தவரை மணந்தார். விவாகம் பதிவு செய்யப்பட்டது. மணமக்கள் குடியிருந்தது மனைவியின் தகப்பனார் வழியாக வந்த லயன் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீடுகளின் ஓர் அறையில். கணவர் லொறி உதவியாளாக இருந்து, பின்னர் வேன் சாரதியானார். 1999இலும் 2002இலும் இரு பிள்ளைகள் பிறந்தனர்.

அந்தக் காம்பரா இருவருக்கும் சொந்தமானதன்று. லயன்கள் நிற்கும் நிலம் அரசுக்குரியது. 1992 முதல் தோட்டங்களின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் இருக்கிறது. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் குடும்பத்தில் இருக்கும்வரை குடியிருப்பு தொடரும் என்பதே நடைமுறை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அந்தக் குறை முற்றாகத் தீராமலே இருந்த ஒரு சமூகத்துக்கு, அரச காணிப் பங்கீடுகளில் இடம் கிடைக்கவில்லை. ஆகவே சொந்த உறுதியுள்ள பத்துப் பேர்ச் என்பது இங்கே ஒரு குடும்பத்தின் முதல் தலைமுறைச் சொத்து. அதில் யாருடைய பெயர் எழுதப்படுகிறது என்ற கேள்விக்கு இருக்கும் கனத்தை, பரம்பரையாகக் காணி உள்ள ஊர்களின் அளவுகோலால் அளக்க முடியாது.

பத்தாண்டுகள் வேலை செய்தபின் 2004இன் இறுதியில் மனைவி தோட்டத்தை விட்டு விலகினார். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு ஆண்டுச் சேவைக்கும் பதினான்கு நாள் சம்பளம் உரியது. அன்றைய சம்பளத்தில் அது சிறு தொகையாகவே வந்தது, பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுச் செல்லும் ஏற்பாடுகளிலேயே கரைந்தது. 2005 பெப்ரவரியில் குவைத்துக்குச் சென்றார். காம்பராவின் மீது குடும்பத்துக்கு இருந்த பிடி அவருடைய வேலையோடு கட்டுண்டிருந்ததால், அவர் விலகிய நாளிலிருந்து அது தளர்ந்தது. சொந்தக் காணி வாங்கும் அவசரம் எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். வேலையையும் அதனோடு சேர்ந்த குடியிருப்பையும் விட்டுக்கொடுத்தது அவருடைய பங்களிப்பின் முதற்பகுதி என்றே நான் கருதுகிறேன். ஆனால் எந்தக் கணக்கிலும் அதற்கு ஒரு தொகை எழுத வழியில்லை.

எந்தச் சட்டம்

முதல் சந்திப்பிலேயே மனைவியின் உறவினர் ஒருவர், கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து இருவருக்கும் பாதி பாதி என்று உறுதியாகச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். தேசவழமையில் தேடியதேட்டம் என்னும் கோட்பாடு இருப்பது உண்மை. ஆனால் தேசவழமை வடமாகாணத் தமிழர்களுக்குரிய ஆள்சார் சட்டம். தமிழ் பேசுவதால் மட்டும் அது ஒருவருக்குப் பொருந்திவிடாது. கண்டியச் சட்டமும் கண்டிச் சிங்களவர்களுக்கே உரியது; மலைநாட்டில் வாழ்வதால் மட்டும் அதுவும் பொருந்தாது. மலையகத் தமிழர்கள் நாட்டின் பொதுச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள்.

அந்தப் பொதுச் சட்டத்தில் கணவன் மனைவிக்குக் கூட்டுச் சொத்து என்று ஒன்று இல்லை. ரோமன் டச்சுச் சட்டத்தில் இருந்த கூட்டுடைமையை 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் நீக்கியது. விவாகமான பெண் தன் பெயரில் ஆதனத்தை வாங்கவும் வைத்திருக்கவும் விற்கவும் முழு உரிமை உடையவர் என்பதை 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் உறுதிப்படுத்தியது. பெண்ணுக்குப் பெரிய விடுதலையாக வந்த இந்த ஏற்பாட்டுக்கு மறுபக்கமும் உண்டு. அவரவர் பெயரில் உள்ளது அவரவருக்கு என்றால், உழைத்த பணத்தைக் கணவரின் பெயரில் வாங்கிய காணிக்குள் போட்ட பெண்ணுக்கு, மனைவி என்ற தகுதியால் மட்டும் அந்தக் காணியில் எதுவும் சேராது.

இங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது. மனைவிக்கு அதை விளக்கியபோது அவர் நெடுநேரம் நம்ப மறுத்தார். 1876ஆம் ஆண்டின் அதே சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி, இறுதி விருப்பாவணம் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவருடைய ஆதனத்தில் பாதி உயிரோடிருக்கும் துணைக்குச் செல்லும். கணவர் வீட்டை விற்காமலும் இறுதி விருப்பாவணம் எழுதாமலும் இறந்திருந்தால், ஒரு ரூபாய் கொடுத்ததற்கும் சான்று காட்டாமலே மனைவிக்குப் பாதி வீடு கிடைத்திருக்கும். கணவர் உயிரோடிருப்பதால், ஒவ்வொரு ரூபாவுக்கும் அவர் சான்று தேட வேண்டியதாயிற்று.

விவாகரத்து ஒரு வழியாக இருந்தது. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 615ஆம் பிரிவு, விவாகரத்து அல்லது பிரிந்திருத்தல் தீர்ப்பின்போது, ஒரு தரப்பின் ஆதனத்தை முழுமையாகவோ பகுதியாகவோ மறு தரப்புக்கோ பிள்ளைகளுக்கோ எழுதிக் கொடுக்கும்படி பணிக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு அளிக்கிறது. பணம் யார் கொடுத்தார் என்பதற்கு அப்பால் சென்று நியாயத்தைப் பார்க்க இடந்தரும் ஏற்பாடு அது. ஆனால் விவாகரத்துக்குப் பிறர்மனை உறவு, தீய எண்ணத்துடன் கைவிடுதல், தீராத ஆண்மையின்மை போன்ற குற்றம் அல்லது குறை ஒன்றை நிறுவியாக வேண்டும். இந்த மனைவி விவாகரத்தை விரும்பவில்லை. “எனக்கு அவர விட்டுப் போக வேணாங்க, வீடு போகாம இருந்தாப் போதும்” என்பதே அவர் கேட்டது. சட்டத்தின் தாராளமான கதவு விவாகரத்தின் வாசலில் மட்டும் திறந்திருப்பதும், சேர்ந்து வாழ விரும்புபவர் இறுக்கமான கதவைத் தட்ட வேண்டியிருப்பதும் நல்ல ஏற்பாடு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

உறுதி எழுதிய நாள்

ஆகவே வழக்கு 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தின் 84ஆம் பிரிவில் நின்றது. அதன் சாரம் இது: ஒருவருடைய பணத்தைக் கொண்டு ஆதனம் வேறொருவர் பெயருக்கு மாற்றப்பட்டிருந்து, பணம் கொடுத்தவர் அதை மற்றவரின் நன்மைக்காகக் கொடுக்க எண்ணவில்லை என்று தோன்றினால், பெயர் உள்ளவர் அந்த ஆதனத்தைப் பணம் கொடுத்தவருக்காகவே வைத்திருக்கிறார். நிறுவ வேண்டியவை இரண்டு. முதலாவது பணம், இரண்டாவது எண்ணம்.

காணியின் விலை 450,000 ரூபாய். அதில் 210,000 ரூபாய், உறுதி எழுதுவதற்கு முந்திய வாரத்தில் கணவரின் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது. 2005 பெப்ரவரி முதல் 2007 ஜூலை வரை முப்பது மாதங்களில் குவைத்திலிருந்து அந்தக் கணக்குக்கு வந்த 378,000 ரூபாயில் அது ஒரு பகுதி. மீதி 168,000 மாதத்துக்கு 5,600 ரூபாய் வீதம் வீட்டுச் செலவுக்குச் சென்றிருந்தது. கணவரின் சம்பளம் அந்தக் கணக்கில் போடப்படவே இல்லை என்பது மனைவியின் தரப்புக்குக் கிடைத்த பெரிய பலம். இரு வருமானமும் ஒரே கணக்கில் கலந்திருந்தால், யாருடைய பணம் வெளியேறியது என்று பிரித்துச் சொல்வது பெரும்பாடாகியிருக்கும்.

அடுத்த 60,000 ரூபாய் மூன்றரைப் பவுன் நகை விற்ற பணம். கலியாணத்தில் பெற்றோர் போட்ட நகைகளைத் தம் தாயாரிடம் விட்டுச் சென்றிருந்தார் மனைவி. தாயார் அவற்றை விற்று, முற்பணமாகக் காணிக்காரரிடம் நேரில் கொடுத்திருந்தார். கொப்பித் தாளில் காணிக்காரர் எழுதிக் கொடுத்த பற்றுச்சீட்டு அந்த அம்மாவின் தகரப் பெட்டியில் இருந்தது. அதில் கணவரின் பெயர் இல்லை. காணிக்காரரும் அந்தக் கொடுக்கல் வாங்கலை நினைவில் வைத்திருந்து சாட்சி சொல்ல முன்வந்தார். மீதி 180,000 ரூபாய் கணவருடையது: வங்கிக் கடன் 100,000, சீட்டுப் பணம் 80,000. ஆக விலையில் மனைவியின் பங்கு 270,000 ரூபாய், அதாவது அறுபது வீதம்.

வங்கிக் கடனைப் பற்றி ஒரு சிக்கல் எழுந்தது. அதன் தவணைகள் பின்னர் மனைவியின் பணத்திலிருந்தே கட்டப்பட்டன என்று அவர் சொன்னார். கணக்கும் ஓரளவு அதைக் காட்டியது. ஆனால் 84ஆம் பிரிவு பார்ப்பது ஆதனம் கைமாறியபோது கொடுக்கப்பட்ட விலையை. கடன் பத்திரத்தில் ஒப்பமிட்டு அந்தப் பணத்தை விலைக்குக் கொண்டுவந்தவர் கணவர். பிற்பாடு தவணை கட்டியதை விலைக்குள் சேர்ப்பது பலவீனமான வாதமாகவே இருந்ததால், முறைப்பாட்டில் அறுபது வீதத்துக்கு மேல் கோரப்படவில்லை. அது விவேகமான முடிவு.

இனி எண்ணம். கணவர் தரப்பின் வாதம் எளிமையானது: மனைவி பணத்தைக் குடும்பத்துக்கு அனுப்பினார், குடும்பத்தலைவர் தம் பெயரில் காணி வாங்கினார், அப்படி வாங்கக்கூடாது என்று அன்று யாரும் சொல்லவில்லை. இதற்கு மறுமொழியாக இருந்தது ஒரு கடிதம். 2007இன் பிற்பகுதியில் கணவர் குவைத்துக்கு எழுதியது. உறுதி முடிந்துவிட்டதைத் தெரிவித்துவிட்டு, “நீ வந்தபொறகு ரெண்டு பேர் பேருக்கும் மாத்திக்குவோம்” என்று எழுதியிருந்தார். மனைவி அந்தக் கடிதத்தைக் கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்திருந்தார். அன்று தம் பெயரையும் போடச் சொல்லித் தொலைபேசியில் கேட்டதாகவும், ஆள் நாட்டில் இல்லாமல் பெயர் போட ஏலாது என்று பதில் வந்ததாகவும் அவர் கூறினார்.

இந்தப் பதில் தவறானது. மலையகத்தில் எத்தனையோ பெண்களுக்கு இதே பதில் சொல்லப்பட்டிருப்பதை அறிவேன் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி விற்பனை எழுத்தில், நொத்தாரிசின் (உறுதி எழுதிச் சான்றளிக்கும் சட்ட அலுவலரின்) முன்னிலையில், இரு சாட்சிகளோடு நடைபெற வேண்டும். ஆனால் 2007இல் ஒப்பமிட வேண்டியிருந்தவர் விற்பவர். விலைக்கு வாங்குபவர் உறுதியில் ஒப்பமிடுவது அன்று கட்டாயமாக இருக்கவில்லை. நன்கொடை உறுதியானால் பெறுபவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். விலை உறுதிக்கு அந்தத் தேவை அன்று இருக்கவில்லை. மனைவி குவைத்தில் இருந்தபடியே, அவருடைய முழுப்பெயரும் அடையாள அட்டை இலக்கமும் நொத்தாரிசிடம் கொடுக்கப்பட்டிருந்தால், அந்த உறுதியில் அவரும் வாங்குபவராக இடம்பெற்றிருக்கலாம். அதையும் மீறி ஐயம் இருந்தால், குவைத்திலுள்ள இலங்கைத் தூதரகத்தில் தம் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் ஓர் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பியிருக்கலாம்.

உறுதியின் இறுதியில் நொத்தாரிசு எழுதும் சான்றுரையையும் பார்த்தோம். விலைப்பணம் தம் முன்னிலையில் கொடுக்கப்பட்டதா, எந்த முறையில் கொடுக்கப்பட்டது என்பதை நொத்தாரிசு அங்கே பதிய வேண்டும். இந்த உறுதியில், பணம் தம் முன்னிலையில் கைமாறவில்லை என்றும் முன்னரே பெற்றுக்கொண்டதாக விற்பவர் ஒப்புக்கொண்டார் என்றும் ஒரே வரி இருந்தது. மனைவியின் தாயார் கொடுத்த முற்பணத்தைப் பற்றி அன்று ஒரு வாக்கியம் அதில் சேர்க்கப்பட்டிருந்தால், பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு கொப்பித் தாளை நம்பி நிற்க வேண்டிய நிலை வந்திராது.

எழுத்தில் இல்லாத நம்பிக்கைப் பொறுப்பை வாய்மொழிச் சான்றால் நிறுவ முடியுமா என்ற ஆட்சேபமும் எழுந்தது. 1991ஆம் ஆண்டின் இலங்கைச் சட்ட அறிக்கைகளில் உள்ள தயாவதி எதிர் குணசேகர வழக்கில், பயன்பெறும் உரிமையைக் கைவிட எண்ணவில்லை என்பதைக் காட்டும் வாய்மொழிச் சான்றுக்கு மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டமோ சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 92ஆம் பிரிவோ தடையாகாது என இலங்கையின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம் கூறியிருப்பதை மனைவியின் சட்டத்தரணி சுட்டிக்காட்டினார். காலங்கடந்த வழக்கு என்ற ஆட்சேபத்துக்கு, தம் உரிமை மறுக்கப்பட்டது 2021இல்தான் என்றும், 2013 முதல் தாமும் அதே வீட்டில் குடியிருப்பதால் கணவரின் உடைமை தமக்கு எதிரானது ஆகாது என்றும் மனைவி தரப்பு பதிலளித்தது. இந்த ஆட்சேபங்கள் எதன்மீதும் நீதிமன்றம் முடிவு கூறும் கட்டம் வரவில்லை.

கட்டடத்தின் கணக்கு

வீடு 2009க்கும் 2013க்கும் இடையில் சிறுகச் சிறுகக் கட்டப்பட்டது. மனைவி இரண்டாம் முறை குவைத்தில் இருந்த காலம் அது. 1,180,000 ரூபாய் அனுப்பியிருந்தார். கட்டடச் செலவு 1,650,000 ரூபாய் என மதிப்பிடப்பட்டது. மனைவியின் பணம்தான் சுவராகவும் கூரையாகவும் நிற்கிறது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் சட்டத்தின் கண்ணில் இந்தப் பெருந்தொகை, 2007இல் கொடுத்த 270,000 ரூபாயைவிட வலுக்குறைந்ததாக இருந்தது.

காரணம், நிலத்தின்மேல் கட்டப்பட்டது நிலத்தோடு சேரும் என்ற ரோமன் டச்சுச் சட்டக் கோட்பாடு. காணி யாருடையதோ கட்டடமும் அவருடையது. 84ஆம் பிரிவு காணி கைமாறிய விலையைப் பார்க்கிறதே தவிர, பின்னர் எழுந்த கட்டடத்தின் செலவைப் பார்ப்பதில்லை. பிறருடைய காணியில் நல்லெண்ணத்தோடு உடைமை கொண்டு திருத்தங்கள் செய்தவருக்கு நட்டஈடும், அது கிடைக்கும்வரை ஆதனத்தை விடாமல் வைத்திருக்கும் உரிமையும் உண்டு. ஆனால் கட்டும்போது குவைத்தில் இருந்த ஒருவரை உடைமையாளர் என்று காட்டுவது கடினம். அதோடு சீமெந்து, கம்பி, தகரம் வாங்கிய பற்றுச்சீட்டுகள் எல்லாம் கணவரின் பெயரில் இருந்தன. வங்கியில் பணம் எடுத்த நாட்களையும் பற்றுச்சீட்டு நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்தியதில் 640,000 ரூபாய்க்கு மட்டுமே தெளிவான தொடர்பு காட்ட முடிந்தது. மாற்று நிவாரணமாக அந்தத் தொகை கோரப்பட்டது.

இந்த வழக்கில் என்னை மிகவும் வருத்திய பகுதி இதுவே. காணி வாங்கும்போது கணவரின் பெயர், கட்டும்போது மனைவியின் பணம் என்ற ஒழுங்கு மலையகத்தில் மிகப் பரவலாக இருக்கிறது. முதல் பயணத்தின் சம்பளம் கடனுக்கும் பிள்ளைகளுக்கும் போய்விட, இரண்டாம் மூன்றாம் பயணங்களின் சம்பளம்தான் வீடாகிறது. அப்படி உழைப்பின் பெரும்பங்கு கட்டடத்துக்குள் சென்ற பெண், காணிக்குச் சிறு தொகை கொடுத்த பெண்ணைவிட நலிந்த நிலையில் நிற்கிறார். இந்த மனைவிக்கு நல்வாய்ப்பாக முதல் பயணத்திலேயே காணிக்குப் பணம் போயிருந்தது.

கணவரின் தரப்பு

கணவரைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும். அவர் குடிகாரரோ கைநீட்டுபவரோ அல்லர். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நிவாரணம் தேடும் நிலை இங்கு எழவில்லை. லொறி வாங்கி நட்டப்பட்ட தம் அண்ணனின் கடனுக்குப் பிணை நின்று, அதிலிருந்து மீள வீட்டை விற்க முற்பட்டார். அவருடைய வாதத்தின் ஒரு பகுதி எனக்கு நெஞ்சில் தைத்தது. “காசு அவ அனுப்புனா, இல்லேங்கல. கல்லு மண்ணு சொமந்தது நானு, புள்ளைகளப் பாத்தது எங்கம்மா. அதுக்கு என்னா கணக்கு?” என்று கேட்டார். மேசனோடு நின்று வேலை வாங்கியதும், வேன் ஓட்டமில்லாத நாட்களில் கையாளாக வேலை செய்ததும், ஏழு ஆண்டுகளுக்கு மேல் தாயில்லாத வீட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதும் உண்மை.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் கிருஷ்ணன் ராமசாமி வழங்கிய தீர்ப்பை இங்கே எண்ணிப் பார்க்கலாம். அந்த வழக்கில் கணவர் சவூதியில் உழைத்துப் பணம் அனுப்பினார். மனைவி நெய்வேலியில் வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்தார். வீட்டு வேலையும் பிள்ளை வளர்ப்பும் சொத்துச் சேர்வதற்கான பங்களிப்பே என்றும், அதனால் மனைவிக்குச் சம பங்கு உண்டு என்றும் நீதிமன்றம் கூறியது. இலங்கை நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. எனினும் அதன் நியாயத்தை நம் வழக்குக்குக் கொண்டுவந்தால், வெளிநாடு சென்றவர் மனைவியாகவும் வீட்டைக் காத்தவர் கணவராகவும் இருப்பதால், அது கணவருக்கே துணைபோகும். பெண்ணின் ஊதியமில்லா உழைப்பை மதிக்கக் கேட்கும் நாம், ஆணும் அவருடைய தாயாரும் செய்த அதே உழைப்பை மதிக்க மறுக்க முடியாது. மனைவிக்கு அறுபது வீதம் என்று பணக்கணக்கு சொன்னாலும், பாதி என்பதே இந்தக் குடும்பத்தின் உழைப்புக்கு அண்மையான கணக்கு என்று நான் எண்ணுவதற்குக் காரணம் இதுதான்.

வழக்கும் இணக்கமும்

வீட்டைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கிய பிறகே மனைவி உதவி நாடினார். நம்பிக்கைப் பொறுப்பைப் பற்றி ஏதும் அறியாமல், நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்குபவரின் உரிமையைச் சட்டம் காக்கும். அப்படி ஒருவர் வாங்கிவிட்டால், மனைவியின் கோரிக்கை வீட்டை விட்டு நீங்கி, கணவரிடம் கேட்கும் வெறும் பணக்கோரிக்கையாகச் சுருங்கிவிடும். எனவே முறைப்பாடு தாக்கல் செய்யப்பட்டவுடன், வழக்கு நிலுவையில் இருப்பதைக் காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்குரிய பக்கத்தில் பதிவு செய்தனர். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் இதற்கு வழிசெய்கிறது. பதிவகத்தில் தேடிப் பார்த்த கொள்வனவாளர் அத்தோடு விலகிக்கொண்டார். வழக்கில் நடந்தவற்றுள் வீட்டை உண்மையில் காப்பாற்றியது இந்த ஒரு பதிவுதான் என்று சொல்லலாம்.

சாட்சி விசாரணை தொடங்கி, காணிக்காரர் சாட்சியமளித்த பின், இணங்கிப் போக முடியுமா என்று நீதிமன்றம் கேட்டது. மூத்த மகளே இரு தரப்புக்கும் நடுவில் நின்று பேசினார். வீட்டில் பிரிபடாத பாதியை மனைவிக்குக் கணவர் எழுதிக் கொடுப்பது, மறு பாதியைத் தம் சீவிய உரித்தை (வாழ்நாள் முழுதும் அனுபவிக்கும் உரிமையை) ஒதுக்கி வைத்துக்கொண்டு இரு பிள்ளைகளுக்கும் நன்கொடையாக எழுதுவது, கட்டடச் செலவுக்கான கோரிக்கையை மனைவி கைவிடுவது என்று இணக்கம் பதிவாயிற்று. அண்ணனின் கடனுக்கான பிணையைக் கணவர் தம் வேனை விற்றுத் தீர்த்தார். 2007இல் இன்னொரு பெயரைச் சேர்த்து எழுதியிருந்தால் செலவு எதுவும் கூடியிருக்காது. 2023இல் அதே பெயரை எழுதுவதற்கு அன்றைய சந்தைப் பெறுமதியின்மேல் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டியிருந்தது.

இதே கேள்வி இப்போது தோட்டங்களுக்குள்ளும் வந்துவிட்டது. இந்திய வீடமைப்புத் திட்டத்திலும் அரச திட்டங்களிலும் ஏழு பேர்ச் காணியோடு தனிவீடுகள் எழுந்துள்ளன. 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் அமைக்கப்பட்டது. தோட்டத்தில் பெயர் பதிந்து உழைப்பவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். அப்படியிருக்க, பயனாளிப் பட்டியலில் குடும்பத்தலைவர் என்ற கட்டத்தில் யாருடைய பெயர் எழுதப்படுகிறது, உறுதி ஒரு பெயரிலா இரு பெயரிலா வருகிறது என்பதைப் பட்டியல் தயாராகும்போதே பிரதேச செயலகத்திலும் தோட்டத்திலும் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். வீடு கையளிக்கும் விழா நாளில் கேட்பது காலங்கடந்த கேள்வி.

இந்த மனைவி 2024இல் ஐம்பது வயதை எட்டி, ஊழியர் சேமலாப நிதியிலிருந்து தம் பழைய தோட்டச் சேமிப்பைப் பெறும் தகுதி அடைந்தார். அதைக்கொண்டு குசினியைப் பெரிதாக்க விரும்பி ஆலோசனை கேட்டார். இப்போது அவர் கூட்டுரிமையாளர் ஆதலால், தாம் செய்யும் திருத்தங்களுக்கான நட்டஈட்டை 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் பின்னர் கோர முடியும். எனினும் சீமெந்து, மணல், மேசன் கூலி எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டைத் தம் பெயரிலேயே எழுதி வாங்கும்படியும், பணத்தைத் தம் கணக்கிலிருந்தே எடுக்கும்படியும் அவரிடம் கூறினோம். அவ்வாறே செய்து வருகிறார்.